கண்ணீரோடு பவர் பார்க்க முடியாது

"மேடம், சீக்கிரம் பாத்து அனுப்பிடுங்க. கம்பெனில பெர்மிஷன் போட்டுட்டு வந்துகீறேன்."

நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தபடி உள்ளே வந்தவளை சுபத்ரா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாள் என்றால்... இரண்டு விநாடி கூடுதலாகவே பார்த்துவிட்டாள். குரோம்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் ஆறு வருடமாகக் கண் பரிசோதிக்கிறவள் அவள். தினமும் இருபது ஜோடிக் கண்கள். எந்தக் கண்ணும் அவளை ஒன்றும் செய்ததில்லை. இந்தப் பாழாய்ப்போன கண் செய்தது. மழைத்துளி தொங்கும் இமைக்குள்ளே, தூங்கிப் பல நாளான கறுப்புக் கண்.

"பேரு?"

"ஜெயக்கொடி. பல்லாவரத்துல லெதர் பை தைக்கிறேன். நூல் கோக்க எடுத்தா ஊசி ரெண்டா தெரியுது."

"ரெண்டுல எதுல கோப்பீங்க?"

"எது குத்துதோ அதுல."

வேறொரு நாளாக இருந்தால் சுபத்ரா வாய்விட்டுச் சிரித்திருப்பாள். அன்றைக்கு முடியவில்லை. அவளுடைய அவிழ்த்துவிட்ட கூந்தலுக்குள் ஒரு காதில் இயர்போன் ஒளிந்திருந்தது. ஒரே பாலினத்தவர் கல்யாணத்தைச் சட்டம் ஏற்குமா, ஏற்காதா... அந்த அக்டோபர் செவ்வாய்க்கிழமை தில்லியில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம்தான் சுபத்ராவின் அம்மா கங்கையம்மாள், கோயிலில் பூ கட்டிப் பார்த்தாள். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்து, மல்லி வந்தால் இந்த மாப்பிள்ளை, அரளி வந்தால் வேண்டாம். வந்தது மல்லி. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். சுபத்ராவும் யாருக்கும் தெரியாமல் மனசுக்குள் ஒரு பூ கட்டியிருந்தாள். தீர்ப்பு நல்லபடியாக வந்தால் வீட்டில் உண்மையைச் சொல்வது... வராவிட்டால் மாப்பிள்ளைக்குத் தலையாட்டுவது. படித்த பெண் செய்கிற காரியமா இது? ஆனாலும் செய்தாள்.

"தாடைய இந்த மெஷின்ல வைங்க. உள்ள ரோட்டுக் கடைசியில ஒரு பலூன் தெரியுதா?"

"தெரியுது... ரொம்ப தூரத்துல."

"அதையே பாருங்க."

காதுக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. கல்யாணம் அடிப்படை உரிமை இல்லை. சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை. சுபத்ராவின் கை மெஷினின் பிடியிலேயே நின்றுவிட்டது. திரையில் ஜெயக்கொடியின் கண் பெரிதாகத் தெரிந்தது. அது மெல்ல நிறைந்து, வழிந்தது. மெஷின் மூன்று தடவை கத்தியும் அளவு வரவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். ஜெயக்கொடியின் துப்பட்டாவுக்குள்ளிருந்தும் ஒரு வயர் காதுக்குப் போயிருந்தது.

"நீங்களும்... அதையா கேட்டுட்டு இருந்தீங்க?"

ஜெயக்கொடி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "பலூன் எங்கயோ போயிடுச்சு மேடம்."

"கண்ணீரோட பவர் பாக்க முடியாதுங்க. தப்பா வரும். வியாழக்கிழமை வாங்க."

ஜெயக்கொடி வியாழக்கிழமை வந்தாள். மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லை. பவர் சரியாக வந்தது. பேச்சும் தானாக வந்தது.

கிறிஸ்டினா என்ற பெண்ணும் ஜெயக்கொடியும் அஸ்தினாபுரத்தில் ஒரே அறையில் நாலு வருடம் இருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு ரூம்மேட். போன வருடம் கிறிஸ்டினாவுக்கு டெங்கு வந்து ஐசியூவில் சேர்த்தார்கள்.

"'நீ யாரு'ன்னு கேட்டாங்க. ஃப்ரெண்டுன்னேன். சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள வரணுமாம். மூணு நாள் கதவுக்கு வெளியவே குந்திகினு இருந்தேன். அப்புறம் அவங்க அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டு, பாடிய ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. மூஞ்சியக் கூட பாக்கல நான்."

சுபத்ரா பதிலுக்குத் தன் பூ கதையைச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"கோர்ட்ட வச்சுப் பூ கட்டிப் பாத்தியா?" ஜெயக்கொடி மரியாதையை விட்டுவிட்டாள். "அவங்க இல்லன்னா, நீ இல்லன்னு ஆயிடுவியா? தெரியாத ஒரு மனுஷன் தலையில போய் உக்காருவியா?"

சுருக்கென்று தைத்தது சுபத்ராவுக்கு. "பேசறது ஈஸி. நீ மட்டும் என்ன பண்ண? ஃப்ரெண்டுன்னுதானே சொன்ன?"

ஜெயக்கொடி எழுந்தாள். குடையைக்கூட மறந்து மழையில் இறங்கிப் போனாள். சுபத்ரா கல்லாக நின்றாள். இந்த நாக்கை என்ன செய்தால் தகும்?

சனிக்கிழமை கண்ணாடி தயாரானது. அவள் வாங்க வரவில்லை. சுபத்ரா அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை, சிட்லபாக்கம் வீடு. கங்கையம்மாள் மகளின் தலையில் மல்லிகையை வைத்துக்கொண்டிருந்தாள். உண்மையை ஒரு வார்த்தை சொல்லாததால் மூன்று நாள் கதவுக்கு வெளியே கிடந்தவளே சுபத்ராவின் மனசில் நின்றாள். நான் வாழ்நாள் முழுக்கக் கிடக்கப் போகிறேனா?

"அம்மா, எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம். எந்த மாப்பிள்ளையும் வேண்டாம். எனக்குப் பொண்ணுங்களத்தான் பிடிக்கும்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. "டிவில பாத்தேன்டி... கோர்ட்டே வேணாம்னு சொல்லிடுச்சே." அம்மாவுக்கு இது எப்போதிலிருந்து தெரியும்? சுபத்ரா கேட்கவில்லை.

அப்பா கேசவன் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. "ரேஷன் கார்டுல இருந்து உன் பேர எடுத்துடறேன். அவங்க வர்றதுக்குள்ள கிளம்பிடு."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பல்லாவரம் ஸ்டேஷனில் மழை விட்டபாடில்லை. பில்லில் இருந்த நம்பருக்கு "கண்ணாடி ரெடி, பல்லாவரம் பிளாட்பாரத்துல இருக்கேன்" என்று அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். வரமாட்டாள் என்று முடிவு செய்தபோது ஜெயக்கொடி வந்து எதிரே நின்றாள்.

சுபத்ரா கண்ணாடியை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டாள். காதோரம் சரி செய்தாள்.

"தெளிவா தெரியுதா?"

"தெரியுது. அழுதுகீற."

"அன்னிக்கு நான் பேசினது பெரிய தப்பு, ஜெயா. உன் காயத்துலயே குத்தினேன்."

"வூட்ல இன்னா ஆச்சு?"

"சொல்லிட்டேன். கார்டுல பேர எடுக்கிறாராம் அப்பா." கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தாள். "உன்ன முதல்ல பாத்தப்பவே எனக்குப் பிடிச்சுப் போச்சு. மெஷின்ல பாக்கறதுக்கு முன்னாடியே. ஆனா என்ன பிரயோஜனம்... நாளைக்கு நான் ஆஸ்பத்திரில கிடந்தா உன்ன உள்ள விட மாட்டாங்க."

"விட மாட்டாங்க."

"யாருன்னு கேப்பாங்க."

ஜெயக்கொடி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். ரயில் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"நாலு வருஷம் கூட இருந்தும் ஒருத்திக்கு அதைச் சொல்லாம வுட்டவ நான். நாலு நாள் பழக்கம்தான் உன்கூட. இருந்தாலும் உனக்காகச் சொல்லுவேன், 'அவ பொண்டாட்டி நான்'னு. உள்ள வுடாட்டி போகட்டும். சொல்லிட்டு வெளிய நிப்பேன்."