இடக்கைக்காரிக்கு ஒரு ரிவால்வர்

"எனக்கு ஒரு ரிவால்வர் வேணும். தினமும் பையில வச்சு எடுத்துட்டுப் போற மாதிரி சின்னதா. இன்னைக்கே வேணும்."

கதவைத் திறந்து வந்த பெண் உட்காரக்கூட இல்லை. அவளுடைய குளிர் அங்கியிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்துக்கு, காணாமல்போன கணவனைத் தேடி வந்திருக்கிறார்கள்; மாப்பிள்ளை சொன்ன சம்பளம் உண்மையா என்று கேட்டு வந்திருக்கிறார்கள். துப்பாக்கி கேட்டு யாரும் வந்ததில்லை.

புஷ்பராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இருபது வருடம் பொய்க் கோரிக்கைகளை விசாரித்தவர். பொய் கேட்டாலும் உண்மை கேட்டாலும் அவர் முகம் ஒரே மாதிரி இருக்கும்.

"இருங்கோ. பேர் என்ன?"

"கயல். இதை யார்கிட்டயும் கேக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இருந்தாலும் கேக்குறேன்."

"ஆர் சொன்னது?"

"எனக்கு வாங்கித் தர்றேன்னு சொன்னவர்தான்."

"வாங்கித் தாறதுக்கு ஒருத்தர் இருக்க, இங்க ஏன் வந்தனீங்கள்?"

"நாளைக்குக் காலைலதான் தருவாராம். நடுவுல ஒரு ராத்திரி இருக்கு."

மூலையில் கணினியைத் தட்டிக்கொண்டிருந்த எமிலியானுஸ் கதிரையோடு திரும்பினான். நாற்பது வயது, பத்து வருடம் டாக்சி ஓட்டிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் துப்பாக்கி பற்றிய காணொளி ஒன்றைக்கூட விட்டதில்லை.

"அக்கா, நாளாந்தம் கொண்டுதிரியிறதெண்டால் பிஸ்டலை விட ரிவால்வர்தான் நல்லது. சிக்காது. இழுத்தா வெடிக்கும்."

"எமிலி, வாயை மூடும்," என்று புஷ்பராணி குரலை உயர்த்தாமல் சொன்னார். பிறகு கயலைப் பார்த்தார். "தங்கச்சி, இந்த நாட்டிலை இப்ப ஒரு தனியாள் புதுசா கைத்துப்பாக்கி வாங்கவே ஏலாது. ஒளிச்சு வைச்சுக்கொண்டு திரிஞ்சு பிடிபட்டால் மறியல், ஜெயில்தான். நீங்கள் வேலை பெர்மிட்டோ?"

"ஆமா."

"அப்ப மறியலுக்குப் பிறகு பிளேன். ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"தெரியும். எங்க குடும்பத்துலயே காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆள் நான். சட்டத்தைப் படிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன். அந்தச் சட்டம் ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்குள்ள வந்தவனைத் தடுக்கல." கயல் சாவிக்கொத்தை மேசையில் போட்டாள். நீலக் கம்பளி நூல் கட்டிய ஒரு சாவி மற்றவற்றின்மேல் விழுந்தது. "நூலைப் பாக்காதீங்க. எல்லாச் சாவியும் ஒரே மாதிரி இருக்குன்னு வீட்டுச் சாவிக்கெல்லாம் மப்ளர்லருந்து உருவிக் கட்டினது."

"முதல்ல ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுங்கோ."

கயல் சொன்னாள். டோர்வலில், விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அவள் பாதுகாப்புப் பொறியாளர். பிப்ரவரியில் காய் நறுக்கும் இயந்திரம் ஒன்றில் பாதுகாப்பு மூடி இல்லாததைக் கண்டு, 'ஓட்டக்கூடாது' என்று எழுதிய மஞ்சள் அட்டையைக் கட்டினாள். மறுநாள் அட்டை இல்லை, இயந்திரம் ஓடியது. பாரிஜாதம் என்ற தொழிலாளியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மூடியை அவளே கழற்றினாள் என்றது நிறுவனம். அப்படி ஓர் அட்டையே கிடையாது என்றும் சொன்னது. ஆனால் அந்த அட்டையைக் கயல் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். நாளை, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொழிலாளர் விசாரணை. ஒரே சாட்சி அவள்.

"அட்டையைக் கழட்டுறவங்க பின்னால கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கழட்டணும். அதான் எங்க வேலை முறை. குப்பையில போடப் போறவன்கூடப் பழக்க தோஷத்துல போட்டுட்டான். கிறுக்கல்தான். மேலாளர் லூக்கோடதுன்னு நினைக்கிறேன். நாளைக்கு அதை எல்லார் கையெழுத்தோடயும் ஒப்பிட்டுப் பாப்பாங்க."

"ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையைத் தேடித்தான் வந்தாங்களோ?"

"ஆமா. கிடைக்கல. முதல்ல வீட்லதான் இருந்துச்சு, அப்புறம் இந்த ஜாக்கெட்டுக்குள்ள தைச்சுட்டேன். பிரெஞ்சுல ஒரு சீட்டு வச்சுட்டுப் போனான். 'வெள்ளிக்கிழமை போகாதே, அடுத்த தடவை நீ வீட்டில் இருக்கும்போது வருவேன்'னு. போலீஸ் வந்து எழுதிட்டுப் போனாங்க. பூட்டு உடையல."

"சாவி வேற ஆரிட்ட இருக்கு?"

"வீட்டுக்காரர் மணிவாசகத்துக்கிட்ட மட்டும். ரொக்ஸ்பரோவுல அவர் வீட்டு அடித்தளத்துலதான் இருக்கேன். அவருக்கு உள்பக்கமாவே படி உண்டு. எனக்கு வெளிக் கதவு."

"நீங்கள் ஊரிலை இல்லாத நேரம்?"

"ஜனவரில டொரொண்டோ போனேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்த மட்டும் பிரகாஷ் வந்தாரு. அவர்தான் ரிவால்வர் தர்றவரு. நல்லவரு. அட்டை வீட்ல இருக்குன்னு அவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

கயல் கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். மெத்தை கிழித்துப் புரட்டப்பட்டிருந்தது. துணிகள் தரையெங்கும் கிடந்தன. அரிசி டின் கவிழ்ந்திருந்தது. புத்தக அலமாரி காலி. நாற்பது புத்தகங்களும் சாப்பாட்டு மேசையில் அடுக்கப்பட்டிருந்தன. மேசையில் இருந்த தட்டுகளும் தம்ளர்களும் சுவரோரம் தரையில் இருந்தன. வெளிக் கதவுக்கு உள்ளே, கால்மிதியில் ஒரு சிறு குட்டை. மார்ச் மாதச் சேறு. அதற்கு அப்பால் தரை சுத்தமாக இருந்தது.

"நீங்கள் ஒண்டையும் நகர்த்தேல்லையே?"

"இல்ல. நான் பாத்தப்ப இருந்த மாதிரியே எடுத்தது."

புஷ்பராணி தட்டுகள் இருந்த படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இனி ரிவால்வரைச் சொல்லுங்கோ," என்றார்.

கயல் பேனாவை இடக்கையில் எடுத்து, பிரகாஷ் சொன்ன விவரங்களை ஒரு தாளில் விறுவிறுவென்று எழுதினாள். எழுதி முடித்ததும் வலக்கைக்கு மாற்றி நீட்டினாள். யாருக்கும் எதையும் இடக்கையால் கொடுக்காதே என்று சிறு வயதில் வாங்கிய அடியில் வந்த பழக்கம் அது.

எமிலியானுஸ் எட்டிப் பார்த்து வாசித்தான். "ரெண்டு அங்குலக் குழல். அஞ்சு குண்டு. குண்டைத் தட்டுற சுத்தியல் வெளியில தெரியாது, பையில மாட்டாது. பரவாயில்லையே. ஆனால் முழு எஃகோ? நாள் முழுக்கத் தூக்கித் திரியிறவைக்குப் பாரம் குறைஞ்ச உலோகத்திலையும் இருக்கு. எண்டாலும் பாரமானது சுடேக்கை அவ்வளவு உதையாது."

"அவர் உங்கட கையைப் பார்த்தவரோ?" என்று புஷ்பராணி கேட்டார்.

"கையையா?"

"பிடி கைக்குள்ள அடங்குமோ, விரல் விசையை எட்டுமோ எண்டு."

"இல்ல."

"எந்தக் கையால சுடுவீங்கள் எண்டு?"

கயல் பேனாவைப் பார்த்தாள். "கேக்கல."

எமிலியானுஸ் இடையில் புகுந்தான். "அக்கா, அது பெரிய விசயம். குண்டு போடுற உருளையைத் திறக்கிற பித்தான் இடப்பக்கம் இருக்கும். வலக்கைக்காரருக்கெண்டு செய்தது."

"எங்க பழகிறது? குண்டு எங்க வாங்கிறது?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப என்னதான் சொன்னவர்?"

"நாளைக்குக் காலைல விசாரணைக்குப் போற வழியில லொங்குய்ய் மெட்ரோ வாசல்ல தருவேன், இந்தப் பையிலயே வச்சுக்கோ, உள் ஜிப்புல, வெளிய எடுத்துப் பாக்காதன்னாரு." அவள் தோளில் தொங்கிய பழுப்பு நிறப் பையைத் தட்டினாள். "பையும் அவர் வாங்கிக் குடுத்ததுதான். போன வாரம்."

"விசாரணை நடக்கிற கட்டடத்து வாசலிலை பை சோதிப்பினமோ?"

கயல் குனிந்து பையைப் பார்த்தாள். அவள் கை பையிலிருந்து விலகியது.

"அவர் இப்ப எங்க?"

"கீழ கார்ல. பிளவுஸ் தைக்கக் குடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

புஷ்பராணி எழுந்தார். "எமிலி, அந்தச் சட்டப் புத்தகங்களை எடுத்து இந்தக் கதிரையில வையும். மேசையில தேத்தண்ணியும் வடைத் தட்டும் வையும், இடம் மிஞ்சக் கூடாது. பேந்து கீழ போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"ஏன் அக்கா, கதிரையில புத்தகம் இருந்தா அந்தாள் எங்க இருக்கிறது?"

"அதைத்தான் பார்க்கப் போறன்."

ஐந்து நிமிடத்தில் சூர்யபிரகாஷ் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், கயலின் நிறுவனத்திலேயே பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளன். யாரும் சொல்லாமலே வாசலில் பூட்ஸைக் கழற்றினான்.

"வணக்கம் மேடம். என்ன கயல், பிளவுஸ்னு சொன்ன?"

"இருங்கோ தம்பி," என்றார் புஷ்பராணி.

அவன் கதிரையைப் பார்த்தான். புத்தகங்களை இரு கையாலும் தூக்கினான். மேசையில் இடமில்லை. ஒரு கணம் சுற்றிப் பார்த்தான். புத்தகங்களைக் கதிரையிலேயே திரும்ப வைத்துவிட்டு, வடைத் தட்டையும் கோப்பைகளையும் எடுத்துச் சுவரோரம் தரையில் இறக்கினான். பிறகு புத்தகங்களை மேசைக்கு மாற்றி அடுக்கிவிட்டு உட்கார்ந்தான்.

"நன்றி. ஞாயிற்றுக்கிழமையும் இப்பிடித்தான் செய்தனீங்கள்."

எமிலியானுஸ் கைப்பேசிப் படத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது.

"என்ன சொல்றீங்க?" சூர்யபிரகாஷ் சிரித்தான். "புத்தகத்தைத் தரையில போடக் கூடாது, கால் படும். எந்தத் தமிழனும் இதைத்தான் செய்வான்."

"ஓம். அதாலதான் லூக் இல்லை எண்டு விளங்கினது. மெத்தையைக் கிழிச்சுப் புரட்டிறவன், அரிசியைக் கொட்டிறவன், புத்தகத்தை மட்டும் நிலத்திலை விடேல்லை. சாப்பிடுற தட்டை இறக்கிப்போட்டுப் புத்தகத்தை மேசையில ஏத்தியிருக்கிறான். பிரெஞ்சுச் சீட்டு எங்களை லூக்கைப் பார்க்க வைக்கத்தான்."

"அப்போ மணிவாசகம் சார்னு வச்சுக்கலாமே? சாவி அவர்கிட்டதான் இருக்கு."

"அவருக்கு உள்படி இருக்கு தம்பி. தன்ர வீட்டுக்குள்ளால இறங்கி வாறவர் வெளிக் கதவடியிலை சப்பாத்தைக் கழட்டித் தண்ணி வடிய விட வேண்டியதில்லை. வந்தவன் தெருவாலை வந்தவன். சாவியும் இருந்தது. செடிக்குத் தண்ணி விட்ட சாவியை எப்ப திருப்பிக் குடுத்தனீங்கள்?"

"அப்பவே குடுத்துட்டேன்."

"குடுக்கல," என்றாள் கயல். இந்த அரைமணி நேரத்தில் அவள் மெதுவாகப் பேசியது இதுதான் முதல் முறை. "நானும் கேக்கல. உங்க சாவிக்கொத்தை மேசையில வைங்க."

அவன் வைக்கவில்லை. ஆனால் கார்ச் சாவி அவன் கையிலேயே இருந்தது. அதே வளையத்தில் நீலக் கம்பளி நூல் தொங்கியது.

"மறந்துட்டேன். அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு ஆதாரமா?"

"இனி ரிவால்வர்," என்று புஷ்பராணி அவன் பேச்சைக் கேட்காதவர்போலத் தொடர்ந்தார். "ஒரு பெண்ணின்ர உயிரைக் காப்பாத்த ஆயுதம் தெரிஞ்செடுக்கிறவன் முதல்ல அவளின்ர கையைத்தான் பார்ப்பான். நீங்கள் பையைப் பார்த்திருக்கிறீங்கள். விசாரணை நாளைப் பார்த்திருக்கிறீங்கள். பாரமான எஃகு, வாசலிலை எக்ஸ்ரே சோதனைப் பெட்டியிலை பளிச்செண்டு தெரியும். பயம் இண்டைக்கு இரவு. துப்பாக்கி நாளைக்குக் காலமை. அது சுடுறதுக்கில்லை, பிடிபடுறதுக்கு. சாட்சி வாசலிலையே கைது. அட்டையை அதுக்குப் பிறகு ஆர் பார்க்கப் போகினம்?"

"பின்னால இருக்கிற கையெழுத்து லூக்கோடது இல்ல," என்றாள் கயல்.

"இல்லை தங்கச்சி. இவரின்ரதுதான்."

சூர்யபிரகாஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழே நிறுத்தியிருந்த காரை ஒரு தடவை பார்த்தான். எமிலியானுஸும் அதைப் பார்த்தான். கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தான்.

"நில்லும் எமிலி. காரைத் திறக்கிறது பொலிஸின்ர வேலை." புஷ்பராணி தொலைபேசியை எடுத்தார்.

"கயல், கேளு." சூர்யபிரகாஷின் குரல் மாறியிருந்தது. "அன்னைக்கு ரெண்டு ஃப்ளைட்டுக்கு லேட். நான் மெஷினை ஓட்டச் சொல்லலன்னா லூக் என்னை விட்டிருப்பானா? இங்க நிரந்தரமா தங்குற பி.ஆர். வர இன்னும் நாலு மாசம். ரெண்டு விரல், கயல். இன்சூரன்ஸ் குடுத்துடும். உனக்கென்ன, முதல் பட்டதாரி சர்டிபிகேட்ல மேல வந்தவ. நாளைக்கே திரும்பிப் போனாலும் உங்க ஊர்ல மாலை போடுவாங்க. நான் எந்த மூஞ்சியோட திரும்பிப் போறது?"

"எனக்குத்தான டிக்கெட் போட்டிருந்த? கையில விலங்கோட."

அவள் அவனை ஒருமையில் அழைத்ததை அவன் கவனித்தான்.

"அந்த ரெண்டு விரல்ல பென்சில் பிடிச்சுத்தான் பாரிஜாதக்கா பிரெஞ்சு வகுப்புல எழுதிக்கிட்டு இருந்தாங்க. ஒரு மாசமா இடது கையால எழுதப் பழகுறாங்க. யார் சொல்லிக் குடுக்குறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

சூர்யபிரகாஷ் அவள் கையைப் பார்த்தான். பக்கத்து மேசையில் இரண்டு வருடம் வேலை செய்தவன், அதை இப்போதுதான் பார்த்தான்.

கயல் பையைத் திறந்து கவிழ்த்தாள். மெட்ரோ அட்டை, சீப்பு, டிபன் பாக்ஸ், பாதி தின்ற சாக்லேட். ஒவ்வொன்றாக ஜாக்கெட் பைகளில் திணித்தாள். டிபன் பாக்ஸ் நுழையவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். காலிப் பையை அவன் அடுக்கிய புத்தகங்கள் மேல் வைத்தாள். சாவிக்கொத்தை அவன் விரல்களிலிருந்து வாங்கி, நீல நூல் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியைப் புஷ்பராணியின் முன்னால் போட்டாள்.

"ராவைக்கு எங்க இருக்கப் போறீங்கள்?" என்றார் புஷ்பராணி, தொலைபேசியைக் காதில் வைத்தபடி.

"பாரிஜாதக்கா வீட்ல. காலைல ரெண்டு பேரும் ஒண்ணா மெட்ரோவுல போறோம்."

"அப்ப அந்த ரிவால்வர்?" எமிலியானுஸால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கயல் வாசலில் குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஜாக்கெட்டின் மார்புப் பக்கத்தை இடக்கையால் தொட்டுப் பார்த்தாள். உள்ளே அட்டையின் விளிம்பு தட்டியது.

"எடுத்துட்டுப் போறதுக்கு என்கிட்ட இது இருக்கு."

படிகளில் அவள் பூட்ஸ் சத்தம் கேட்டது. தையல் கடையைத் தாண்டி, தெருவோரக் காரையும் தாண்டி, அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.