ஆறு கம்பியும் அடங்கிய பிறகு

உள்ளங்கையால் ஆறு கம்பிகளையும் அமுக்கிப் பிடித்த பிறகு கிட்டாரிலிருந்து சத்தம் வரக் கூடாது. ஆனால் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கி ஆம்ப்பிலிருந்து, துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்றை யாரோ மெதுவாக, வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல இழுக்கிற சத்தம் வந்தது.

ஜூட் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் வீட்டுத் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அடுப்படியில் அம்மா சுகிர்தம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே மத்தியானம் கழிவதற்குள்ளேயே பனிமூட்டம் இறங்கி, லயத்து வரிசை வீடுகளின் முற்றத்தையும் அதற்குக் கீழே போகிற படிகளையும் மறைத்திருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை.

"சனியன் புடிச்ச பிக்கப்பு," என்று கம்பிகளுக்கு அடியில் சத்தத்தை வாங்குகிற கருவியைத் திட்டிக்கொண்டே மறுபடியும் அடித்தான். அதே இடத்தில் நிறுத்தினான். அதே இடத்தில் தாழ்ப்பாள் இழுபட்டது.

அந்தக் கிட்டார் அவன் தம்பி லோஜனுடையது. போன வருட மழையில் மேட்டு மண் இடிந்து கீழ் லயத்தை மூடியபோது லோஜன் அங்கே ஒரு கூட்டாளியின் காம்பரா அறையில் உட்கார்ந்து பாட்டுப் பழகிக்கொண்டிருந்தான். ஆமிக்காரர்கள் நாள்கணக்கில் தோண்டினார்கள். அந்த லயத்துச் சனம் அத்தனை பேரும் ஒவ்வொருவராகப் பிணமாகக் கிடைத்தார்கள். கிட்டார்கூட உறையோடு கிடைத்தது. லோஜன் மட்டும் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் சாவு இல்லை என்று சுகிர்தம் அன்றைக்கு முடிவு கட்டியவள்தான். பூசை வைக்க விடவில்லை, கறுப்பு உடுக்கவில்லை, தாங்கள் இருந்த மேல் லயத்தை விட்டு அசையவும் இல்லை. பின்சுவரில் விழுந்த வெடிப்பு ஒவ்வொரு மழைக்கும் அகலமாகிக்கொண்டு வந்தது, இப்போது ஜூட்டின் கை மணிக்கட்டுவரை உள்ளே போகும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். டிக்கோயாவில் வாடகைக்கு வீடு பார்த்து, சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டு, ஜூட் அவளிடம் கெஞ்சிப் பார்த்தான், கத்திப் பார்த்தான், ஒரு நாள் அழுதும் பார்த்தான்.

கடைசியில் அவள் ஒரே ஒரு வார்த்தை கொடுத்தாள். "தம்பி செஞ்ச பாட்ட அவன் வாசிக்கிற மாதிரியே ஒரு தரம் முழுசா வாசிச்சுக் காட்டு. கேட்டுட்டு ஒன் பின்னாடி வந்துர்றேன்."

அடுத்த மழைக்குள் அதை வாசித்தாக வேண்டும். அவ்வளவுதான் ஜூட்டுக்கு.

அது ஹெவி மெட்டல் பாட்டு. லோஜன் அதன் அடியைப் பெரட்டுத் தப்பிலிருந்து எடுத்திருந்தான். தேயிலைத் தோட்டத்தில் சங்கு ஊதுவதற்கு முந்திய காலத்தில், விடியற்காலையில் தப்பு அடித்துத்தான் ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவார்கள். தப்புக்காரர் ஒரு சுற்று அடிப்பார், பிறகு நிறுத்திக் காது கொடுப்பார். லயத்தில் தாழ்ப்பாள்கள் இழுபடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த சுற்று. அடியைக் கேட்டால் எழுந்து வந்தே ஆக வேண்டும், பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றே ஆக வேண்டும். லோஜன் அந்த நிறுத்தத்தையும் பாட்டில் அப்படியே வைத்திருந்தான். இரும்பை இடிப்பதுபோல ஒரு சுற்று, பிறகு சுத்தமான மௌனம். அந்த மௌனம்தான் பாட்டின் உயிர் என்று பெருமையடித்துக்கொள்வான். மண்ணில் ஊறிய பிக்கப்பை வைத்துக்கொண்டு ஜூட்டால் அந்த மௌனத்தைக் கொண்டுவர முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டிவி திருத்துகிற அழகுமுத்து ஒரு காலத்தில் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பேய் பிசாசு ஒன்னும் இல்ல தம்பி. இங்க பாருங்க." கிட்டாரைத் தன் கடை ஆம்ப்பில் மாட்டி, கம்பிகளுக்கு அடியில் பதிந்திருந்த பிக்கப்பின் மேல் குனிந்து, "சின்னப்பையா, ரெண்டு பிளேன்டீ கொண்டா!" என்று கத்தினார். அவர் குரல் ஆம்ப்பிலிருந்து பானைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "கேட்டீங்களா? இதுக்குள்ள காந்தம், அதச் சுத்தி மயிரு மாதிரி செப்புக் கம்பி. கம்பி ஆடாம இருக்க மெழுகு ஊத்தியிருப்பாங்க. மெழுகு போச்சுன்னா மைக் மாதிரிதான். பேசினா கேக்கும், தட்டினா கேக்கும். ஒங்க வீட்டுத் தாழ்ப்பாளத்தான் கேட்டிருக்கும்."

ஜூட்டுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வீட்டுத் தாழ்ப்பாளை யாரும் தொடவில்லையே என்பது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

அழகுமுத்து பெட்டிகளைத் திறந்து பிக்கப்புகளை மேசைமேல் பரப்பினார். "இது பழைய மாதிரிக் காந்தம். சத்தம் இனிப்பா வரும், ஆனா ஒங்க மெட்டலுக்குக் கொழகொழன்னு போயிரும். இது செராமிக். அடிச்சா செவுத்துல ஆணி எறங்குற மாதிரி இருக்கும்."

செராமிக்கை மாட்டி வாசித்துப் பார்த்தான். அடி என்றால் அடி, வயிற்றில் இடித்தது. ஆனால் நிறுத்தியதும் சின்னதாய் ஓர் இரைச்சல், தூரத்தில் மண் சரிவதுபோல. ஜூட் உதட்டைப் பிதுக்கினான்.

"நிறுத்தினா ஒன்னுமே கேக்கக் கூடாதுண்ணே."

"அப்ப இதுதான்." கறுப்பாக, மூடிய பெட்டி மாதிரி இருந்த ஒன்றை எடுத்தார். "பேட்டரியில ஓடுறது. முழுசாப் பிசின் ஊத்தி அடைச்சிட்டாங்க, உள்ளுக்குக் காத்துக்கூடப் போகாது. நீங்க காதுகிட்ட வச்சிக் கத்தினாலும் இதுக்குக் கேக்காது."

"பேட்டரி எறங்கிட்டா?"

"பொணந்தான். ஒரு சத்தம் வராது."

கழற்றி வைத்திருந்த பழையதின் மேல்தகட்டை நெம்பிய அழகுமுத்து சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். உள்ளே மண். செம்மண், பிசைந்து வைத்தது மாதிரி ஈரமாக. பெரிய மழைக்கு மறுநாள் லயத்தைச் சுற்றி எழும்புகிற அந்தக் குளிர்ந்த வாடை, ஈயம் உருகுகிற கடை வாடையை அமுக்கிக்கொண்டு மேசைமேல் பரவியது.

"எப்ப மண்ணுல கெடந்துச்சுன்னீங்க?"

"போன வருசம்ணே. அடுப்புக்கு மேல கட்டி ஒரு மாசம் காயவச்சேன்."

அழகுமுத்து திருப்புளியால் மண்ணைக் கிளறினார். செப்புக் கம்பிச் சுருளோடு சுருளாக நீளமான ஒரு கறுப்பு முடியும் சுற்றியிருந்தது. லோஜன் தோளுக்குக் கீழே முடி வளர்த்திருந்தான், அதற்காகவே அம்மாவிடம் தினமும் ஏச்சு வாங்குவான். வாசிக்கும்போது விழுந்த முடியாக இருக்கும் என்று ஜூட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முடி எப்படிப் பிக்கப்பின் உள்ளே போய்ச் சுற்றும் என்று அவனும் கேட்கவில்லை, அழகுமுத்துவும் கேட்கவில்லை. பழையது குப்பை டப்பாவுக்குள் போனது. புதியதை மாட்டி, கடையிலேயே அந்தச் சுற்றை வாசித்தான். நிறுத்தினான். துப்புரவான மௌனம். அப்பாடா என்றிருந்தது.

நோர்வூட் தாண்டியதும் பனி பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம், தூறல் ஆரம்பித்திருந்தது. பின்சுவர் வெடிப்பில் தண்ணீர் கசிந்து தரையில் கோடாக ஓடியது. அம்மாவின் துணிப்பை வாசலோரம் தயாராக இருந்ததைப் பார்த்ததும் ஜூட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கே. ஒரே ஒரு தரம் வாசித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு இறங்கிவிடலாம்.

ஆம்ப்பைப் போட்டான். முதலில் பிக்கப்பின்மேல் குனிந்து, "லோஜன்!" என்று கத்திப் பார்த்தான். வேறு பெயர் வாயில் வரவில்லை. ஆம்ப் வாயே திறக்கவில்லை. நகத்தால் தட்டினான். ஒன்றுமில்லை.

"ஒக்காருங்கம்மா. இப்ப கேளுங்க."

சுகிர்தம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஜூட் அடித்தான். பெரட்டுத் தப்பின் அந்தப் பழைய அடி, இப்போது இரும்பாக, தகரக் கூரையும் சுவர்ப்படத்து மாதாவும் அதிர, அவன் தம்பி வாசிப்பதைவிடத் தெளிவாக வந்தது. உள்ளங்கையை வைத்து நிறுத்தினான்.

தாழ்ப்பாள் இழுபட்டது.

ஆம்ப்பிலேயே வேறொன்று இழுபட்டது. அதற்கப்பால் இன்னொன்று. மரக்கதவு ஒன்று தரையில் உரசித் திறந்தது. வரிசையாக, கிட்டேயிருந்து தூரம்வரை, ஒரு லயம் முழுவதும் கதவு திறந்துகொண்டு போனது.

ஜூட் கம்பிகளை இன்னும் அழுத்தினான். அம்மாவைப் பார்த்தான். அவள் முகம் மலர்ந்திருந்தது.

"அது ராசம்மா வீட்டுக் கதவு," என்றாள் மெதுவாக. "கீழ தேயும். எத்தன தரம் சொல்லியிருப்பேன், சீவச் சொல்லி. இது பொன்னையா. அவருதான் எப்பவும் கடைசி."

அத்தனை பேரும் கீழ் லயத்துச் சனம். அத்தனை பேரையும் ஜூட் தன் கையால் குழியில் இறக்கியிருந்தான்.

"அம்மா, கெளம்புவோம். எந்திரிங்க."

"பாட்டு முடியலயே ராசா."

"முடிஞ்சிருச்சு!"

"ஒரு சுத்துதானே அடிச்ச. பாதியில விட்டா வழி தெரியாம நிப்பாங்கடா."

ஜூட் ஆம்ப்பின் வயரைப் பிடுங்கினான். ஆனாலும் அதே ஆம்ப்பில், ஈரத்தில் காலடிகள் கேட்டன. வெறுங்கால்கள், பல கால்கள், மண்ணிலிருந்து பிய்த்துப் பிய்த்து எடுத்து வைக்கிற கால்கள். கிட்டாரைக் கவிழ்த்து, பின்மூடியை நகத்தால் கிளப்பி, பேட்டரியை இழுத்துத் தூர எறிந்தான். பொணந்தான் என்று அழகுமுத்து சொன்னாரே. ஒரு சத்தம் வராது என்றாரே.

காலடிகள் படியேறின.

மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுக்க, ஆறு கம்பிகளையும் இரண்டு கைகளாலும் கழுத்தை நெரிப்பதுபோல அமுக்கினான். அப்போதுதான் கைக்கு அடியில் அதை உணர்ந்தான். கம்பிகளை அவன் மட்டும் அமுக்கவில்லை. அவன் விரல்களுக்கு இடையில் வேறு விரல்கள் இருந்தன. குளிர்ந்தவை. ஈரமானவை. மண் அரைபடுகிற நொறநொறப்போடு அவை தங்கள் இடத்தைத் தேடி நகர்ந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கிட்டார் கீழே விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து இரண்டாம் சுற்று ஆரம்பித்தது.

லோஜனின் கை. சந்தேகமே இல்லை. மூன்றாவது அடியில் கொஞ்சம் முந்துவான், எத்தனை சொல்லியும் திருத்திக்கொள்ளாதவன். இப்போதும் முந்தினான்.

சுகிர்தம் எழுந்து, கதவோரம் தொங்கிய படங்குச் சாக்கை எடுத்தாள். கொழுந்து பறிக்கப் போன காலத்தில் கட்டியதுபோல இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"அம்மா வேணாம்! நம்ம லோஜன் செத்துட்டான்மா!"

சொல்லிவிட்டான். ஒரு வருடமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். அவள் கோபப்படவில்லை. அவன் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

"தெரியும்டா," என்றாள்.

பாட்டு நின்றது. அந்த மௌனத்தில் ஒரு தாழ்ப்பாள் இழுபட்டது. ஆம்ப்பில் அல்ல. வாசலில்.

கையைப் பிடித்தான். அவள் கை வழுக்கியது. சேறு. எப்போது வந்தது அந்தச் சேறு? முழங்கைவரை சேறு. வழுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கதவு திறந்தது. பனி உள்ளே வந்தது. பச்சை மண் வாடை வந்தது.

சரிவிலிருந்து வாசல்வரை அவர்கள் வரிசையாக நின்றார்கள். பெரட்டுக் களத்தில் நிற்பதுபோல, தோளோடு தோள் ஒட்டி, இடுப்பில் சாக்கோடு. கண்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் செம்மண் அடைத்திருந்தது. ஒருவரும் அசையவில்லை. ஒருவன் மட்டும், தோளுக்குக் கீழே தொங்கும் முடியில் தண்ணீர் சொட்ட, இடது கை விரல்களை வெறுங்காற்றில் அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்தான்.

சுகிர்தம் இறங்கிப் போனாள். வரிசையில் ஒதுங்கி, அவர்களைப் போலவே அசையாமல் நின்றாள். அவளுக்கும் லோஜனுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் காலியாக இருந்தது.

வீட்டுக்குள், வயரும் பேட்டரியும் இல்லாமல், மூன்றாம் சுற்று ஆரம்பித்து, முடிந்து, நின்றது. எந்தத் தாழ்ப்பாளும் சத்தம் போடவில்லை. திறக்காத கதவு எதுவும் மிச்சம் இல்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மா அவன் பக்கம் திரும்பினாள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். உள்ளிருந்து மண் வழிந்தது, வழிந்துகொண்டே இருந்தது.