டேவிட்ராஜ் மாமாவின் வண்ணப் பட்டைகள்

இவாஞ்சலின் அன்று மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

காரணம், தலைமையாசிரியை ரேணுகாதேவி ஆறாம் வகுப்புக்கே வந்து சொல்லிவிட்டுப் போன செய்தி. நாளை சுதந்திர தின விழாவில் கொடியேற்றப் போவது இவாஞ்சலினின் மாமா, ராணுவ வீரர் டேவிட்ராஜ் என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை.

ஏனென்றால், மாமா ராணுவத்தில் இல்லை. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. லீவில் ஆரணிக்கு வந்தவர், பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான ராணுவச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். பழைய துணிக்கடையில் வாங்கியதாம். அதோடு நின்றாரா? பதக்கம் வாங்கிய வீரர்கள் நெஞ்சில் அணியும் வண்ணப் பட்டைகளையும் எங்கேயோ வாங்கித் தைத்திருந்தார்.

டீக்கடையில் ஒருவர் மிலிட்டரியா என்று கேட்டார். மாமா சிரித்தார், இல்லை என்று சொல்லவில்லை. மறுநாளே தெருவெல்லாம் அவருக்கு வணக்கம் வைத்தது. செய்தி பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. ரேணுகாதேவி மிஸ் வழியில் பார்த்துக் கொடியேற்றக் கூப்பிட்டபோதும் மாமா தலையாட்டிவிட்டார்.

பக்கத்தில் இருந்த சுபத்ரா அவள் தோளைத் தட்டினாள். “எங்கப்பா நேத்து ராத்திரிதான் காஷ்மீர் பார்டர்ல இருந்து லீவுல வந்தாரு. நாளைக்கு உங்க மாமாவப் பாத்துப் பேசணும்னு சொல்லிகினு இருக்காரு.”

நெஞ்சில் இருக்கும் பட்டையின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டாம். பார்த்த உடனே, எங்கே வேலை செய்தவர் என்று அப்பா சொல்லிவிடுவாராம். ஒருமுறை ரயிலில் யாரோ சும்மா குத்திக்கொண்டு வந்த பட்டைகளைக் கழற்றச் சொன்னாராம். சுபத்ரா பெருமையாகச் சொல்லச் சொல்ல, இவாஞ்சலின் மாமா சட்டையில் இருந்த பட்டைகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

மிஸ்ஸிடம் சொல்லிவிடலாமா? எல்லோரும் மாமாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா? அவள் படுத்தால் மாமா போகாமல் இருப்பாரா?

சாயங்காலம் அம்மா, குஞ்சம் கட்டி முடித்த பட்டுப் புடவைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். மாமா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, அந்த ரெண்டாவது கலர் எதுக்குக் குடுத்தாங்க?”

“எது?”

“சுபத்ரா அப்பா நாளைக்குக் கேப்பாரு. அவரு நெஜமாவே மிலிட்டரி.”

மாமாவின் கையில் பிரஷ் நின்றுவிட்டது. பிறகு, விடியற்காலை பஸ்ஸில் பக்கத்து ஊரான சேத்துப்பட்டுக்குப் போய்விடுவதாகவும், ராணுவத்திலிருந்து திடீரென்று அழைப்பு வந்துவிட்டதாக அவள் பள்ளியில் சொல்லவேண்டும் என்றும் சொன்னார்.

“அப்போ நான் பொய் சொல்லணுமா, மாமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது வேலூருக்குப் போனதையும், ஓட்டத்தில் முன்னால் வந்தும் கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பியதையும் மெதுவாகச் சொன்னார்.

“அபார்ட்மெண்ட் கேட்டாண்ட நிக்கறப்போ யாரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க பாப்பா. இதப் போட்டதும் எல்லாரும் பாத்தாங்க.”

பட்டுநூல் வெட்ட அம்மா வைத்திருக்கும் சின்னக் கத்தரியை இவாஞ்சலின் எடுத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பிரிச்சிடலாமா?”

மாமா பிரஷை ஓரமாக வைத்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் துணி கிழியாமல் ஒவ்வொரு தையலாக வெட்டினாள். “நானும் கூட வரேன், மாமா. விழாவுக்கு முன்னாடியே போயிடலாம்” என்றாள்.

காலையில் மாமா சாதாரண நீலச் சட்டையில் வந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளி வராந்தாவில் ரேணுகாதேவி மிஸ்ஸும், அவரருகே வெள்ளைச் சட்டையில் ஒருவரும் நின்றார்கள். சுபத்ராவின் அப்பா மணவாளன்! இவாஞ்சலின் படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். மாமாதான் அவளைக் கூட்டிக்கொண்டு படியேறினார்.

“நான் மிலிட்டரி இல்லீங்க மிஸ். செக்யூரிட்டி வேலை பாக்கறேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்.”

மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. மாமா பட்டைகளைப் பையிலிருந்து எடுத்து மணவாளனிடம் நீட்டினார். அவர் உற்றுப் பார்த்தார்.

“இதுல ஒண்ணு எங்கிட்டயே இல்லீங்க” என்றார். பிறகு, கோபமில்லாமல், ஆனால் அழுத்தமாகச் சொன்னார். “இதுக்காக உயிரவிட்டவங்க இருக்காங்க. இனிமே குத்தாதீங்க.”

“மாட்டேங்க.”

மணவாளன் அவற்றைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஓடிப் பார்த்துத் தோற்றதை மாமா சொன்னார்; எங்கே ஓடினீர்கள் என்று அவர் விசாரித்தார். வேலூர் என்றதும், தானும் அங்கே முதல் தடவை தோற்றுத் திரும்பியதைச் சொன்னார்.

மிஸ் பெருமூச்சு விட்டார். கொடியேற்ற மணவாளனைக் கேட்டுக்கொண்டார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, “ஒண்ணாங் கிளாஸ் பசங்க ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பாத்துக்கறீங்களா?” என்றார்.

மாமா வேகமாக மைதானத்துக்கு இறங்கினார். வாண்டுகளை வரிசையில் நிறுத்துவதற்குள் அவர் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். “நீங்க மிலிட்டரியா?”

இவாஞ்சலின் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

“இல்ல பாப்பா, செக்யூரிட்டி. நேரா நில்லு.”

சிறுமி விறைப்பாக நின்று அவருக்கே ஒரு சல்யூட் அடித்தாள். மாமா சிரித்துக்கொண்டே, அவள் தோளைப் பிடித்து மெல்லக் கொடிக்கம்பத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.