பனி தங்காத பலகைகள்

காலையில் பாலத்துக்குள் கொட்டிப் பரப்பிய பனியைக் காணவில்லை. உருகியிருந்தால் பலகை ஈரமாக இருக்க வேண்டுமே! ஓரின் குனிந்து தொட்டுப் பார்த்தான். அடுப்புக்கு வைத்த விறகு மாதிரி காய்ந்து கிடந்தது.

கூரை போட்ட மரப்பாலம் அது. வானத்துப் பனி உள்ளே விழாது. பனி இல்லாத பலகையில் சறுக்குவண்டி நகராது. அதனால் குளிர்காலம் முழுக்க வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து உள்ளே பரப்புவது ஓரினின் வேலை. போன மாதம் ஒரே ஒரு நாள், ஆப்பிள் சாராயத்தைக் குடித்துவிட்டுக் கவிழ்ந்து படுத்துவிட்டான். அன்றைக்கென்று பார்த்து, காய்ச்சல்கண்ட குழந்தையோடு புயலில் வந்த பிலீனாவின் வண்டி பாலத்து நடுவில் மாட்டிக்கொண்டது. விடிந்து பார்த்தால் தாயும் பிள்ளையும் விறைத்துச் செத்துக் கிடந்தார்கள். ஊரில் யாரும் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்று அவன் மகள் லவீனாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அக்கரையிலிருந்து வர வேண்டும். இக்கரை முனையிலேயே இருந்த வீட்டு வாசலில் நின்று மனைவி தர்சா கத்தினாள்.

"என்னய்யா பண்ற அங்க? புள்ள மூச்சு விட முடியாமத் துடிக்குதுய்யா!"

"இந்தா ஆச்சு! நீ போய் அவ பக்கத்துல இரு!"

பழைய வைக்கோலும் குதிரைச் சாணமும் மணக்கும் அந்த இருட்டுக்குள், பலகை இடுக்குகள் வழியாக அந்திவெளிச்சம் கோடுகோடாக விழ, கீழே உறைந்த ஆறு அவ்வப்போது முனக, ஓரின் மண்வாரியால் பனியை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டே போனான். முதுகுக்குப் பின்னால் துணி உரசும் சத்தம். நின்றான். சத்தமும் நின்றது.

திரும்பினான். வெறும் பலகை.

மறுபடி கொட்டினான். மறுபடி வெறும் பலகை. பயத்தில் இன்னும் வேகமாக அள்ளினான்.

அக்கரை வாயிலில் டாக்டர் வண்டியின் மணியோசை. பிறகு, மரத்தில் இரும்பு கிறீச்சிடும் ஓசை.

"யோவ் ஓரின்! பனி எங்கய்யா? வண்டி நகர மாட்டேங்குது!"

"இறங்கி நடந்து வந்துருங்க டாக்டர்! உங்க கால்ல விழறேன்!"

காலடிகள் கேட்டன. வெகுநேரம் கேட்டன. லாந்தர் வெளிச்சம் மட்டும் கிட்ட வரவேயில்லை.

"டாக்டர்?"

"நடந்துகிட்டுத்தான்யா இருக்கேன்!" குரல் உடைந்திருந்தது. "பாலம் முடிய மாட்டேங்குதே!"

அப்போது வீட்டுக்குள் தர்சா அலறினாள். ஒரே அலறல். பிறகு சத்தமே இல்லை.

ஓரின் வெளியே ஓடிவந்தான். வாசற்கதவு திறந்து கிடந்தது. அங்கிருந்து ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். பிலீனா. பாவாடையை மடியாக்கி இரு கைகளாலும் ஏந்தியிருந்தாள். அவசரமே இல்லை. முன்பு கேட்ட அதே துணி உரசும் சத்தத்தோடு அவனைக் கடந்து பாலத்துக்குள் போனாள்.

இந்தத் தடவை மடியில் பனி இல்லை. அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கால் தொங்கியது. தர்சா பின்னிய சிவப்புக் காலுறை.

அது இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது.