ஸுபைதாவின் ஒற்றை முடி

பெப்ரவரி வெயிலில் யட்டவத்த ஊர் மண்ணே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆனால் நுஹ்மான் தன் கையால் செய்த பிஸ்கட் டின்னின் முள் மட்டும் மூன்றாம் நாளாக 'ஈரம்' என்ற சொல்லிலேயே நின்றது.

பக்கத்தில் கூட்டாளி லாபிரின் லண்டன் பித்தளை மணிக்கூடு தொங்கியது. நேரம் காட்டுவதல்ல, காற்றின் ஈரம் காட்டுவது. வெளிநாட்டுச் சாமான்களுக்குத் தடை வருமுன் வாங்கியது. அதன் முள் உலர்ந்த பக்கத்தில் அசையாமல் நின்றது.

"கடைச் சாமான் பொய் சொல்லாது மச்சான். ஒங்கட டின்னத் தூக்கி எறிங்க" என்று சொல்லித்தான் லாபிர் அதை இரவல் கொடுத்திருந்தார்.

நுஹ்மானுக்கு எறிய மனம் வரவில்லை. டின்னுக்குள் முள்ளை இழுத்துப் பிடித்திருந்தது செத்துப்போன மனைவி ஸுபைதாவின் தலைமுடி. ஈரம் பட்டால் முடி நீளும், முள் சாயும், அவ்வளவுதான் வித்தை. போன வருஷம் இதே போல ஓர் அந்தியில், "மழ வரப் போவுது, கொக்கோ காயுற பாய அள்ளணும், மறு நுனியப் பிடிங்க" என்று அவள் கூப்பிட்டாள். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. சிரித்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். கொட்டுகிற மழையில் அத்தனை பாயையும் தனியாக இழுத்தவள் காய்ச்சலில் விழுந்தாள். பதினோராம் நாள் மௌத்தானாள். அன்றிலிருந்து அவருக்கு ஒழுங்கான தூக்கமில்லை. சீப்பில் மிஞ்சிய முடியை வைத்து டின்னைச் செய்தது, இனியாவது அவள் சொல்வதைக் கேட்கத்தான்.

"உம்மாட முடிய மண்ணுக்குக் குடுத்திருக்கணும் வாப்பா" என்று மகள் றஹீமா இன்றும் கெஞ்சினாள். "இப்பிடி வெச்சிருக்க ஏலாது. ராவுல நனைஞ்ச தல வாசம் வருது. எனக்குப் பயமா இருக்கு."

அவள் கண்களும் தூக்கமில்லாமல் குழி விழுந்திருந்தன. போதும் என்றாகிவிட்டது அவருக்கு. அந்தியில் மஃரிப் தொழுததும் முடியைக் கழற்றி மாதுளை மரத்தடியில் புதைத்தார். அவளை இரண்டாம் தடவை அடக்கம் செய்கிற மாதிரி அழுகை வந்தது. காயப்போட்ட பாய்களை முற்றத்திலேயே விட்டார். கடைச் சாமான்தான் மழையில்லை என்கிறதே.

அறைக்குத் திரும்பினார். டின்னின் முள் பிடியற்றுத் தொங்கியது. சுவருக்கு அப்பால் றஹீமா ஓதிக்கொண்டிருந்தாள். அப்பாடா என்று கண்ணை மூடினார். பித்தளை மணிக்கூட்டுக்குள் ஏதோ மெல்ல உராய்ந்தது.

லாபிரின் முள் நகர்ந்தது.

மெதுவாக. நடுவுக்கு. நடுவைத் தாண்டி. ஈரத்துக்கு.

தேங்காயெண்ணெய் வாசம். நனைந்த கூந்தல் வாசம். கூரையில் ஒரு துளிச் சத்தமில்லை. முற்றத்தில் மட்டும் கொக்கோ விதைகள் சரசரவென்று உருண்டன.

கதவைத் திறந்தார். வானம் நிறைய நட்சத்திரம். முதல் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவதும். மூன்றாவதும்.

நாலாவது பாயின் ஒரு நுனி இடுப்பு உயரத்துக்குத் தூக்கியிருந்தது. பிடித்திருக்க யாருமில்லை. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மறு நுனி அவர் காலடியில் கிடந்தது.