இடியின் மேல் விழுந்த பழி

அக்டோபர் 12, திங்கட்கிழமை. இரவெல்லாம் இடி, விடிந்த பின்னும் ஓயாத தூறல்.

காலை 10.40. காப்பீட்டு நிறுவனமொன்றின் இழப்பீட்டு மனுக்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கும் மனைவி, அலுவலகக் கணினிக்குள் நுழைவதற்கான வி.பி.என். இணைப்பை மீண்டும் அழுத்தினாள். மீண்டும் தோல்வி. மேலாளர் தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டார்: "போன மாசம் கரன்ட் போச்சுன்னீங்க. இன்னைக்குப் பன்னெண்டுக்குள்ள ஃபைல் வரலேன்னா, நாளையிலேருந்து வேலை இல்லம்மா."

நாற்காலியில் சாய்ந்திருந்த கணவன் செய்தித்தாளைத் தாழ்த்தவுமில்லை. "ராத்திரி இடிச்ச இடில வைஃபை ரூட்டர் எல்லாத்தையும் மறந்து, வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி ஆயிருக்கும். யாரை நோக?"

வாயில்லாத இடியின் மேல் பழி போடும் துணிச்சலை என்னென்பது!

10.55. விடுப்பில் வந்த அவன் தங்கை, காவல்துறை உதவி ஆய்வாளர், படியேறினாள். அவளுடைய கைப்பேசி வழக்கம்போல் வீட்டு வைஃபையில் தானாகவே ஒட்டிக்கொண்டது. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், விசாரணை தொடங்கியது.

"அண்ணி, உங்க போன் நெட்ல லேப்டாப்பை இணைச்சுப் பார்த்தீங்களா?"

"உள்ள போச்சு. ஆனா இங்க சிக்னல் ஒரு கோடு, ஃபைல் நகரல."

ஆக, மடிக்கணினியும் அலுவலகமும் குற்றமற்றவை; எஞ்சியது ரூட்டர்.

"ரூட்டர் செட்டிங் பாஸ்வேர்ட் யார்கிட்ட?"

"உங்க அண்ணன்கிட்டதான். மறந்துட்டேங்கறார்."

11.30. தங்கை அண்ணன்முன் நின்றாள்.

"அண்ணா, ரூட்டர் எல்லாத்தையும் மறந்திருந்தா வைஃபை பேரும் பாஸ்வேர்டும்ல மாறியிருக்கணும்? என் போன் தானா சேர்ந்துச்சே. மத்ததெல்லாம் விட்டுட்டு அண்ணியோட ஆபீஸ் கதவை மட்டும் தேடிப்பிடிச்சுச் சாத்த, இடிக்கென்ன பகை? செட்டிங் பாஸ்வேர்ட் உன்கிட்ட மட்டும்தான். சாத்தினது நீ!"

"போலீஸ் புத்தியை வீட்ல காட்டாதடி!"

"ஏன் செஞ்ச?"

செய்தித்தாள் தாழ்ந்தது. "எப்பக் கூப்பிட்டாலும் மீட்டிங்கறா. வேலை போனா வீடு நிம்மதியா இருக்கும்னுதான்..."

"யாரோட நிம்மதி?" மனைவி எழுந்து வந்தாள். "என் சோத்துல மண்ணை அள்ளிப்போட்டுட்டு, இடின்னு சொன்னீங்களே!"

மறந்த கடவுச்சொல் அவனுக்கு அக்கணமே நினைவுக்கு வந்தது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வி.பி.என். என்ற வரிக்கெதிரே 'தடை' என்றிருந்தது. மனைவி அதை நீக்கினாள், கடவுச்சொல்லையும் மாற்றினாள். இணைப்பு திறந்தது.

"புதுப் பாஸ்வேர்ட் என்ன?" என்றான் கணவன்.

"மறந்துட்டேன்."

கோப்பு அலுவலகம் சேர்ந்தபோது மணி 11.53.