ஒருவர் விடுவிக்கப்பட்டார்

அன்று மதியம் கணினி அறையில் இருந்தவர்கள்: மேலாளர், எல்லோரும் ஊசி என்று கூப்பிடும் கேபிள்காரன், கணினியின் அடிநிரலான கெர்னலை எழுதுகிற அவன், அதே வேலையில் புதிதாகச் சேர்ந்த அவனுடைய தங்கை. பதிவேட்டில் நான்கு கையெழுத்து.

ஜன்னல் இல்லாத அறை. விசிறிகளின் இரைச்சல் காதுக்குள் ஈரத்துணியைத் திணித்ததுபோல் அடைத்திருக்க, சூடேறிய பிளாஸ்டிக் வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்க, அவன் ஒரு கேபிள் கேட்பதற்காகத் திரும்பினான். ஊசியின் நாற்காலி காலி.

"ஊசி எங்க?"

"எதுக்கு, சட்டை கிழிஞ்சிருச்சா?" என்றார் மேலாளர்.

தங்கை சிரித்தாள். "ஆள் யாரையாவது தேடுறியா அண்ணா? நாம மூணு பேர்தானே."

பதிவேட்டைப் பார்த்தான். மூன்று கையெழுத்து. ஆனால் காலி நாற்காலியின் மெத்தை, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் அமுங்கியே இருந்தது.

திரையில் புதிதாக ஒரு வரி. 'நினைவகம் போதவில்லை. ஒருவர் விடுவிக்கப்பட்டார்.'

அந்தச் செய்தியை எழுதியவனே அவன்தான். 'ஒன்று விடுவிக்கப்பட்டது' என்றுதான் எழுதியிருந்தான். ஓடுகிற நிரல்களில் ஒன்று. 'ஒருவர்' என்று எழுதவில்லை.

கெர்னல் நினைவகம் கேட்டுக் கிடைக்காவிட்டால், 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு பின்வாங்க வேண்டும். அந்தச் சோதனையை எழுதச் சோம்பல்பட்டு, 'கிடைக்கும்வரை கேள்' என்று ஒரு குறியைப் போட்டுவிட்டான். அது கேட்கும். இடம் கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகக் காவு வாங்கும். 'தொடாதே' பட்டியலில் இருப்பதை மட்டும் விட்டுவிடும். பட்டியலில் ஒரே பெயர். தன் நிரல்கள் தப்பட்டும் என்று அவனே போட்ட அவன் பெயர்.

"சார், மெஷின ஆஃப் பண்ணிடலாம்."

"பண்ணினா யார் தலை உருளும் தெரியுமா? பேசாம அந்த..."

வாக்கியம் முடியவில்லை. திரையில் இன்னொரு வரி. மேலாளரின் நாற்காலி மெல்லச் சுழன்று நின்றது.

"யார்கிட்ட பேசுற?" என்றாள் தங்கை. இந்த முறை சிரிக்கவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கினான். விசிறிகள் நிற்கவில்லை. அடுத்த வரி ஓடத் தொடங்கிவிட்டது. 'நினைவகம் போதவில்லை...' மிச்சம் அவள்தான். வெளியே ஓடு என்று சொல்லக்கூட நேரமில்லை. பட்டியலிலிருந்து தன் பெயரை அழித்தான். அவள் பெயரை அடித்தான். என்டர்.

விசிறிகள் அடங்கின. போதுமான இடம் கிடைத்துவிட்டது.

"பாப்பா."

அவள் கொட்டாவி விட்டாள். பதிவேட்டில் இருந்த ஒரே கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரத்தைக் குறித்தாள்.

"பாப்பா, இங்க பாரு."

அவள் கைபேசியைக் காதில் வைத்தாள். "கிளம்பிட்டேம்மா. ஆமா, தனியாத்தான். கூட வர எனக்கென்ன அண்ணனா இருக்கான்?"

நினைவகத்தில் விடுவித்த இடத்தை யாரும் துடைப்பதில்லை. வேறொன்று வந்து மேலே எழுதும்வரை இருந்தது இருந்தபடியே கிடக்கும். அவனுக்கு அது தெரியும். தெரிந்தே திரும்பிப் பார்த்தான்.

இரண்டு நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். மேலாளர், நிறுத்திய சொல்லில் வாய் திறந்தபடி. ஊசிக்குப் பாதி முகம்தான். மீதிப் பாதியில் வேறு ஏதோ, இடமிருந்து வலமாக, நிதானமாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. மிஞ்சிய ஒற்றைக் கண் அவனைப் பார்த்தது.

விளக்கு அணைந்தது. தங்கை வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.